ஓடைக்கு மரம் இறக்கியவள்

பழைய இரும்பு யார்டில் எல்லோரும் அவளைக் கிரேன்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அவள் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள். கிரேன் ஓட்டுகிறவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட, வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, "நான் ஏறிப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டாள். சாப்பாட்டு இடைவேளைகளில் அவள் கேபினுக்குள் போய் லிவர்களைப் பிடித்துப் பழகியிருந்தது அவருக்குத் தெரியாது. அன்று அவள் இறக்கிய முதல் சுமை லாரியில் உட்கார்ந்தபோது ஓசையே எழவில்லை. சரக்கு ஏறிவிட்டதா இல்லையா என்று டிரைவர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு முறையாகப் பயிற்சிக்குப் போனாள், உரிமம் வாங்கினாள், அந்தக் கேபினே அவளுடைய இடம் என்றாகிவிட்டது. "இந்தப் பொண்ணு இரும்பையா இறக்குறா? தூங்குற குழந்தையைத் தொட்டில்ல போடுறா" என்று எடைமேடையில் புதிதாக வந்தவர் லாரிக்காரர்களிடம் சொல்வார்.

கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் வீடு. அண்ணன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் சில நாள் வந்து தூங்கிவிட்டுப் போவார். ஆக அந்த வீட்டில் இருந்தது அவளும் அண்ணியும்தான். கீழே ஜெராக்ஸ் கடை அண்ணியுடையது. காகிதத்தை அடிக்கடி விழுங்கிக்கொள்ளும் ஒரு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, இரண்டு ஸ்டூல், நிற்காத வாய். யார் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் பிரதி வெளியே வருவதற்குள் அண்ணி அதைத் தலைகீழாகவே படித்து முடித்துவிடுவாள். வீடு வாங்கப்போகிறவர், வேலை தேடுகிறவர், விவாகரத்து கேட்பவர் என்று எல்லாருக்கும் அண்ணியின் ஆலோசனை இலவசம். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் சட்டி பானை பறக்கும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்பார்த்துக் காத்திருந்து ஏமாந்துபோனார்கள்.

விபத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தார்கள்.

ஒரு பெரிய என்ஜினைத் தூக்கி லாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் சங்கிலி அறுந்தது. என்ஜின் நேராக லாரியின் முன்பக்கத்தில் விழுந்து, டிரைவர் உட்காரும் இடத்தைத் தகர டப்பாவை மிதித்தது போல நசுக்கிவிட்டது. டிரைவர் அப்போதுதான் டீ குடிக்க இறங்கிப் போயிருந்தார். கையில் கிளாஸோடு திரும்பி வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே இருந்தார். கிரேன்காரி இறங்கி வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஏணியில் கால் வைத்தாள். பாதிக்கு மேல் கால் எழவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. சங்கிலி தேய்ந்துபோனது, தவறு யார்டுடையது என்று முதலாளியே சொன்னார். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய, கால் கேட்கவில்லையே. முதலாளி நல்ல மனிதர். சில மாதம் அவள் இடத்தை யாருக்கும் தராமல் வைத்திருந்தார். கடைசியில் அவளே போய், "வேற ஆளைப் போட்டுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அவள் அண்ணியின் கடையில் உட்கார்ந்தாள். காகிதம் அடுக்கினாள், மெஷின் விழுங்கியதை விரலை விட்டு எடுத்தாள். மேலே பரணில் இருக்கும் காகிதக் கட்டை எடுக்கச் சொன்னால்கூட முகம் வெளிறிப்போகும். அண்ணி அதைக் கவனித்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் பரணைக் காலிசெய்து, கட்டுகளையெல்லாம் மேஜைக்கு அடியில் தள்ளிவைத்தாள். பின்னாளில் யாருக்கெல்லாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்று கிரேன்காரி எண்ணிப் பார்த்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் காலிப் பரண்தான்.

அந்த லாரி டிரைவர்கூட ஒருமுறை ஒரு பை ஆரஞ்சோடு கடைக்கு வந்தார்.

"அக்கா, நான் மறுவாரமே வண்டி எடுத்துட்டேன். நீங்க இன்னும் மேல ஏறலைன்னு சொல்றாங்க. அதைக் கேட்டாத்தான் எனக்கு உதறுது. ஏதோ நான் நிஜமாவே செத்துப்போயிட்ட மாதிரி இருக்கு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. ஆரஞ்சை உரித்து அவருக்கே பாதி கொடுத்தாள்.

ஓடை மேடம் வந்தது அந்தக் காலத்தில்தான். சேறு காயாத பூட்ஸ், வெயிலில் வெளுத்த தொப்பி, தோளில் சுருட்டிய வரைபடங்கள். ஓடைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. பெரிய வரைபடத்தைத் துண்டு துண்டாகப் பிரதி எடுத்து ஒட்டித் தர வேண்டும் என்றார். அண்ணி வழக்கம்போலத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"இது என்ன மேடம், வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

"ஓடைம்மா."

"குறுக்கும் நெடுக்குமா கோடு போட்டிருக்கே?"

"அதெல்லாம் மரம். ஓடைக்குள்ள மரம் போடப் போறோம்."

அண்ணி மெஷினை நிறுத்திவிட்டாள். "ஓடையில கிடக்குற மரத்தை எடுப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நீங்க என்ன மேடம், போடப் போறேங்குறீங்க?"

"எடுத்து எடுத்துத்தான் அந்த ஓடை இப்படி ஆச்சு." மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். மரம் கிடைத்துவிட்டது, அனுமதியும் வந்துவிட்டது, ஆனால் ஆள்தான் கிடைக்கவில்லை என்றார். மெஷின் ஓடைக்குள் இறங்கக் கூடாது. மேலே சாலையில் நின்றபடியே, வேரோடு இருக்கும் முழு மரத்தைக் கரைச் செடிகளுக்கு மேலாகத் தூக்கிப்போய், சொன்ன இடத்தில், சொன்ன சாய்மானத்தில் வைக்க வேண்டும். வந்த கிரேன்காரர்கள் எல்லாம், "தண்ணியில போடுற கட்டைக்கு இவ்வளவு அலங்காரமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். "பொறுமையா இறக்குற ஒரு கை வேணும். அவ்வளவுதான்."

"இதோ இருக்கே" என்றாள் அண்ணி. காகிதம் அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனாரை நோக்கி மோவாயை நீட்டினாள்.

அன்று மேலே அந்த இரண்டு அறைகளிலும் பெரிய சண்டை நடந்தது. "என்னைக் கேட்காம என்னை வித்துட்டீங்களா அண்ணி?" என்றாள் அவள். "வாங்க ஆள் வந்தா விக்கத்தான் செய்வேன். என் மெஷினை நோண்டி நோண்டி நீ அதையும் ஒருவழி பண்ணிட்டே" என்றாள் அண்ணி. ஆனால் மேடம் வற்புறுத்தவில்லை. வேலைக்கு வர வேண்டாம், சும்மா துணைக்கு வந்து ஓடையைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியனுப்பினார். சும்மா என்று சொன்னதால் அவள் போனாள்.

மேடம் அவளை முதலில் ஓடையின் மேல்பகுதிக்குக் கூட்டிப்போனார். அங்கே காட்டை யாரும் தொட்டதில்லை. இருகரையிலும் உயர்ந்த மரங்கள்; ஓடைக்குள்ளேயும் மரங்கள்தான், ஆனால் படுத்துக்கிடந்தன. ஒன்று குறுக்கே பாலம் போல. ஒன்று தலையை நீருக்குள் விட்டு, வேரை மட்டும் கரையில் மாட்டிக்கொண்டு. பாசி மூடி, முதுகில் குட்டிச் செடிகள் முளைத்து, எது எப்போது விழுந்தது என்றே தெரியாத பழைய தண்டுகள். தண்ணீர் ஒவ்வொன்றிலும் முட்டி, யோசித்து, மேலே ஏறி, கீழே குதித்து, சுற்றிக்கொண்டு போனது. குதித்த இடத்திலெல்லாம் ஆழமான மடு. மடுவின் நிழலில் விரல் நீள மீன்கள் அசையாமல் நின்றன. தண்டுகளுக்குப் பின்னால் கூழாங்கல்லும் மக்கிய இலையும் ஒதுங்கியிருந்தன.

"குப்பையா இருக்கே" என்றாள் அவள், வீட்டைப் பெருக்கிப் பழகிய கண்ணோடு.

"குப்பைதான். மீனுக்கு வீடு, புழுவுக்குச் சாப்பாடு, தண்ணிக்குப் பிரேக். எல்லாம் இந்தக் குப்பையிலதான்."

பிறகு கீழ்ப்பகுதிக்குப் போனார்கள். ஒரே ஓடைதான் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. கரையில் புல்லும் புதரும், அங்கங்கே ஒரு மரம். அடியில் வழவழத்த பாறை. கணுக்கால் அளவு தண்ணீர், நிற்க நேரமில்லாதது போல நேராக ஓடியது. மீன் நிற்க ஓர் இடமில்லை. சாக்கடையில் தெளிந்த நீர் ஓடினால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது.

"எங்க தாத்தா காலத்துல கரைவரைக்கும் காட்டை வெட்டிட்டாங்க" என்றார் மேடம். "உள்ள கிடந்த பழைய மரம் கொஞ்ச காலம் தாங்குச்சு. அப்புறம் மக்கிப்போச்சு. மிச்சம் கிடந்ததை மீனுக்கு இடைஞ்சல்னு நினைச்சு எங்க ஆபீஸ்காரங்களே இழுத்துப்போட்டாங்க. நல்லது பண்றதாதான் நினைச்சாங்க. ஓடையால தானா மரம் பண்ணிக்க முடியுமா? கரையில நிக்கிற காடு குடுத்தாத்தான் உண்டு. காத்துல விழணும், வயசாகி விழணும், இல்லாட்டி வெள்ளம் வேரடியை அரிச்சுச் சாய்க்கணும். அதுவும் கரைக்குப் பக்கத்துல நிக்கிற மரம்தான் வந்து சேரும். எட்டத்துல நிக்கிற மரம் விழுந்தா இங்க வரைக்கும் எட்டாது பாருங்க."

திரும்பும் வழியில் மேல் ஓடையில் ஒரு பெரிய மரத்தைக் கண்டாள். பாதி வேர் காற்றில் தொங்க, ஓடையின் மேல் சாய்ந்து நின்றது. அவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

"இது விழுந்துடுமே மேடம்."

"ஆமா. இந்த மழையில வரும்னு பார்த்தேன். வரலை. அடுத்த மழைக்கு வரலாம்." வெளியூரிலிருந்து வரவேண்டிய மாமாவைப் பற்றிப் பேசுவது போல மேடம் சொன்னார்.

விபத்துக்குப் பிறகு அவள் கனவில் எப்போதும் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். இங்கே ஒருவர், ஒன்று விழவில்லையே என்று வருத்தப்படுகிறார். கிரேன்காரிக்குச் சிரிப்பு வந்தது. ஆரஞ்சு கொண்டுவந்தவரிடம் வராத சிரிப்பு, யாருமில்லாத காட்டில், ஒரு சாய்ந்த மரத்தைப் பார்த்து வந்தது. சாலைக்கு வந்ததும், "கிரேன்ல ஏற முடியுதான்னு பார்க்குறேன் மேடம்" என்றாள்.

வேலை தொடங்கிய அன்று அண்ணி கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். சாலை அகலப்படுத்த வேரோடு பிடுங்கிய மரங்கள் லாரியில் வந்து வரிசையாகக் கிடந்தன. வாடகைக் கிரேன் நின்றது. கரையிலிருந்து சைகை சொல்ல மேடத்திடம் இரண்டு வாக்கிடாக்கி. ஒன்றைக் கேபினில் வைத்தார்கள். இன்னொன்றை அண்ணி எப்படியோ தன் கைக்கு வாங்கிவிட்டாள். கிரேன்காரி ஏணியின் முதல் படியில் கால் வைத்து நின்றுவிட்டாள். அப்படியே நின்றாள்.

கேபினுக்குள்ளிருந்த வாக்கிடாக்கியில் அண்ணியின் குரல் கரகரத்தது. "இவளே, உனக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நேத்து ஒருத்தன் கல்யாணப் பத்திரிகை பிரதி எடுக்க வந்தான். பொண்ணு பேரைத் தப்பா அடிச்சு வச்சிருக்கான். அது யாரு பேருன்னு கேளு."

அவள் மேலே பார்த்தாள். குரல் நின்றுவிட்டது. "யாரு?" என்று கீழேயிருந்து கேட்டாள். மறுபடியும் அண்ணியின் குரல்தான் வந்தது.

"மேல ஏறி பட்டனை அமுக்கிக் கேளு. எனக்குக் காது கேட்கலை."

அவள் ஏறினாள். பட்டனை அமுக்கி, "யாரு பேரு?" என்றாள். அது மாப்பிள்ளையின் பழைய காதலியின் பெயர். அந்தக் கதை நீண்டது. மரத்தில் பெல்ட் மாட்டியதும், கொக்கி ஏறியதும், வேரில் மண் உதிர உதிர மரம் தரையை விட்டு எழுந்ததும், பத்திரிகையைப் பார்த்த பெண் வீட்டார் என்ன சொன்னார்கள் என்ற கட்டத்தில் நடந்தது. மேடம் கையால் காட்டிய இடத்துக்கு மரம் மிதந்து போயிற்று. வேர்ப்பக்கம் நீரோட்டத்தை எதிர்த்து, தண்டு கரையோடு சாய்ந்து, நீர்மேல் ஒரு பறவை உட்காருவது போல உட்கார்ந்தது. தண்ணீர் ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு புதிய வழியைத் தேடிச் சுற்றியது.

"அப்புறம் கல்யாணம் நடந்துச்சா?" என்று கேபினிலிருந்து கேட்டாள்.

"எந்தக் கல்யாணம்? அப்படி ஒண்ணும் இல்லை. இப்ப யோசிச்சதுதான்" என்றாள் அண்ணி.

அந்தப் பருவம் முடிவதற்குள் வளைவுக்கு வளைவு மரங்கள் இறங்கின. முதல் பெருமழையில் அவற்றில் ஒன்று கிளம்பிவிட்டது. பிடுங்கும்போதே வேர் ஒடிந்துபோன, நீளம் போதாத தண்டு. வெள்ளம் அதைத் தூக்கிப்போய்ச் சின்னப் பாலத்துக்கு அடியில் செருகிவிட, தண்ணீர் ஏறிப் பக்கத்திலிருந்த கார் ஒர்க்‌ஷாப்புக்குள் புகுந்தது.

ஒர்க்‌ஷாப்காரர் பெரிய மீசைக்காரர். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு அவளையும் மேடத்தையும் கிழிகிழியென்று கிழித்தார். "ஓடைன்னா தண்ணி போகணும். அதுக்குள்ள கட்டையைப் போட்டுட்டு மீனுக்கு வீடு கட்டுறாங்களாம். என் வீட்டை யாரு பார்ப்பா?"

மேடம் மறுத்துப் பேசவில்லை. "அந்த இடத்துக்கு அந்தத் தண்டு பத்தாது. ஓடையோட அகலத்தைவிட நீளமா, வேரோட இருந்திருக்கணும். கணக்குப் போட்டது நான். தப்பு என்னுதுதான்" என்றார். கிரேன்காரி தண்டைத் தூக்கி வெளியே வைத்தாள். பிறகு இருவரும் பேன்ட்டை மடித்துவிட்டு ஒர்க்‌ஷாப் தரையைக் கழுவ இறங்கினார்கள். வாய் ஓய்ந்த ஒர்க்‌ஷாப்காரர் வெளியே வந்து, கிரேனின் கொக்கியில் தொங்கிய சங்கிலியைக் கையில் எடுத்து, ஒவ்வொரு கண்ணியாக உருட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, இதை வச்சா தூக்குறே?"

அந்தக் கண்ணியில் மயிரிழை போல ஒரு விரிசல். வெயில் படும்படி சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. கிரேன்காரி சேற்றுக் கையோடு வந்து பார்த்தாள். அங்கேயிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கதை தெரியாத ஒர்க்‌ஷாப்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கூட வந்திருந்த அண்ணி, யார்டில் நடந்ததைச் சொன்னாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டே சங்கிலியைக் கொக்கியிலிருந்து கழற்றினார்.

"இனிமே தூக்குறதுக்கு முன்னாடி இங்க கொண்டுவா. நான் பார்த்து அனுப்புறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பார்க்காத சங்கிலி எதையும் அவள் தொட்டதில்லை. திட்டிக்கொண்டேதான் பார்ப்பார். மீனுக்குப் பிறந்தவர்கள் என்று மேடத்தின் ஆட்களைக் கேலி செய்துகொண்டே பார்ப்பார். ஆனால் ஒரு கண்ணி தப்பாது. அவளுக்கு அந்தத் திட்டு ஒரு தாயத்து மாதிரி. திட்டு விழாத காலையில் கேபினில் ஏற மனம் வராது.

வெள்ளம் வடிந்ததும் மேடமும் அவளும் ஓடையைப் பார்க்கப் போனார்கள். மற்ற மரங்கள் நின்றன. ஒன்று மட்டும் வைத்த இடத்தை விட்டு நகர்ந்து, கீழ்வளைவில் வேறு கோணத்தில் போய்ப் படுத்திருந்தது. அதற்குப் பின்னால், வெறும் பாறையாக இருந்த இடத்தில், ஒரு மேடை அளவுக்குக் கூழாங்கல். முன்னால் இடுப்பளவு மடு.

மேடம் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தார். "நான் போட்ட கோட்டைவிட ஓடை நல்லா போட்டிருக்கு. அடுத்த மரத்தை வைக்கும்போது இதைப் பார்த்து வைப்போம்." அவ்வளவு படித்தவர், அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது கிரேன்காரிக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இருவரும் நடந்து போய் எது எங்கே தங்கியிருக்கிறது, ஏன் அங்கே தங்கியது என்று பார்த்துப் பேசுவார்கள். வேர்க்கட்டை எப்படி நங்கூரம் போடுகிறது, ஊசியிலை மரம் எவ்வளவு காலம் மக்காமல் கிடக்கும், அகலயிலை மரம் சீக்கிரம் மக்கினாலும் புழுக்களுக்கு அது எப்படி விருந்து என்பதெல்லாம் மேடம் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

மரம் இறக்குவது மட்டும் வேலையில்லை. கரை நெடுக நாற்று நட்டார்கள். இறக்கிய மரம் எல்லாம் ஒருநாள் மக்கிப்போகும். அதற்குள் இந்த நாற்றுகள் வளர்ந்து, முதிர்ந்து, தாமாக விழத் தொடங்க வேண்டும். அதுவரைதான் கிரேன்.

"அப்ப நான் மரத்துக்குப் பதிலாளா?" என்று கேட்டாள்.

"நீங்க மட்டுமா, நானும்தான். மரம் லீவுல போயிருக்கு. திரும்பி வந்ததும் நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

வேலை போய்விடும் என்று கேட்டு யாராவது நிம்மதி அடைவார்களா? அவள் அடைந்தாள். இடுப்புயர நாற்றுகளைப் பார்க்கும்போதெல்லாம், தான் காணப்போகாத ஒரு மழைநாளில் இது விழும், விழுந்து யாருக்கோ உதவும் என்று நினைத்துக்கொள்வாள். ஒர்க்‌ஷாப்காரரும் தன் கொட்டகைக்குப் பின்னாலிருந்த கரைத்துண்டில் நட்டுக்கொள்ளச் சொன்னார். "பழைய டயர் போடுற இடம்தான். போனாப் போகுது" என்றார்.

சில வருடங்கள் போயின. பாறை தெரிந்த இடங்களில் கூழாங்கல் படிந்தது. கோடையில் ஓடை மெலிந்தபோதும் தண்டுகளுக்குக் கீழே மடுக்கள் வற்றவில்லை. ஒரு நாள் மேடம் குனிந்தபடியே கையை மட்டும் ஆட்டி அவளைக் கூப்பிட்டார். ஒரு தண்டின் பின்பக்கம், கூழாங்கல் மேடையில், யாரோ கையால் தோண்டிச் சமன்செய்தது போல ஒரு குழிவு. அதன்மேல் ஒரு பெரிய மீன் வாலால் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தது. முட்டையிட இடம் செய்கிறது. மேல் ஓடையைத் தவிர வேறெங்கும் மேடம் பார்த்திராத காட்சி. இருவரும் நீரில் முழங்கால் மரத்துப்போகும்வரை நின்றார்கள். சாயங்காலம் ஒர்க்‌ஷாப்காரர் வாடிக்கையாளர் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். "எங்க ஓடை" என்றார் அவரிடம்.

பிறகு ஒரு பருவத்தில் பெரும் காற்று அடித்தது. மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்காரரிடமிருந்து போன். "உடனே வா. கிரேன் கொண்டுவா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவள் பதறிக்கொண்டு கிளம்பினாள். இப்போது சொந்தக் கிரேன் என்றாலும் வேகம் மாட்டுவண்டி வேகம்தான். பின்னால் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. அண்ணி, கடையை ஆளிடம் விட்டுவிட்டு, ஆட்டோவில் முன்னாலேயே போய்விட்டாள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், வெட்டுக்குத் தப்பிய ஒரு பழைய மரம் நின்றது. ரிப்பேருக்கு வரும் கார்களை அவர் அதன் நிழலில்தான் நிறுத்துவார். அது விழுந்திருந்தது. கொட்டகையைத் தொடாமல், காரைத் தொடாமல், ஓடைக்குக் குறுக்கே. வேரின் ஒரு பாதி இன்னும் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. உச்சி எதிர்க்கரையில் கிடந்தது. ரம்பத்தோடு வந்த அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேரை ஒர்க்‌ஷாப்காரர் இரு கையையும் விரித்து மறித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வந்து பார்க்குற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. ஓடைன்னா மரம் கிடக்கத்தான் செய்யும்" என்று சத்தம் போட்டார். தன் வாயால் முன்பு என்ன சொன்னோம் என்பது அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. யாரும் நினைவூட்டவும் இல்லை.

மேடமும் வந்துசேர்ந்தார். இருவரும் இறங்கிப் பார்த்தார்கள். ஓடையின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். வேர் பிடிமானம் உறுதி. தண்ணீர் போக அடியில் வழி இருந்தது. பாலத்துப் பக்கம் நீண்ட சில கிளைகளை மட்டும் அறுத்துவிட்டால் போதும், பாலத்துக்கு ஆபத்தில்லை என்றார் மேடம். ரம்பத்தோடு வந்தவர்களே அதை அறுத்தார்கள். தண்டைச் சுற்றி நீர் ஏற்கெனவே மண்ணைத் தோண்ட ஆரம்பித்திருந்தது.

கிரேன்காரிக்குச் செய்ய ஒன்றுமில்லை. கொக்கியை இறக்கவே இல்லை. இப்படியொரு மரத்தை இப்படியொரு இடத்தில் வைக்க மேடமும் அவளும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். காற்று ஒரு மூச்சில் வைத்துவிட்டுப் போயிருந்தது. அவள் நீரில் இறங்கி, ஈரப்பட்டையில் உள்ளங்கையை வைத்தாள். எத்தனை காலம் நின்று, எத்தனை கார்களுக்கு நிழல் கொடுத்து, கடைசியில் தன்னையே கொடுத்துவிட்ட உடம்பு அது. "ரொம்ப நன்றி" என்றாள், ஒரு மனிதரிடம் சொல்வது போலவே.

"மரத்துக்கிட்டயா சொல்றே?" என்று கரையிலிருந்து ஒர்க்‌ஷாப்காரர் கேட்டார்.

"உங்களுக்கும் சேர்த்துத்தாண்ணே."

அவர் மீசையைத் தடவினார். "எனக்கு எதுக்கு? என் நிழல் போச்சேன்னு நானே கவலையில இருக்கேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே, நாற்று இன்னும் மிச்சமிருக்கிறதா என்று மேடத்திடம் விசாரிக்கப் போனார்.

வெயில் ஏறியது. வந்தவர்கள் கலைந்தார்கள். அண்ணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து தண்டின்மேல் நடந்துவந்து நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்துப் பங்கு வைத்தாள். நான்கு கால்களும் நீருக்கு மேலே தொங்கின. கீழே புதிய மடுவில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம்தான். அண்ணி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழப்பார்த்தாள்.

"ஐயையே, இவளே, இதெல்லாம் எறும்பு. கட்டையெல்லாம் எறும்பு."

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க அண்ணி" என்றாள் கிரேன்காரி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "பாவம், அதுங்க நேத்துத்தான் வீடு மாறியிருக்கு."